காற்றின் கடைமடை



கல்வியின்பால் பெரும் பற்றுக்கொண்டிருந்த பெரியார் ஒருவரின் நினைவாக நிறுவப்பெற்ற இவ்வறக்கட்டளையின் சொற்பொழிவை நிகழ்த்தும் பேற்றினை எனக்கு அளித்தமைக்காக முதற்கண் நன்றி கூறுகிறேன். பேசுபொருளை நானே தெரிந்தெடுக்கலாம் என்று அறக்கட்டளைக் குழுவினர் பெருந்தன்மையோடு கூறியதனால், வளி மாசடைதலையும் புகைமூட்டத்தையும், அவற்றின் காரண காரியங்களையும் தெரிந்தெடுத்தேன். புகை கக்கும் பெருந்தொழிற்சாலைகள் இல்லாததும், நாற்புறமும் கடல் சூழ்ந்ததும், ஆண்டின் பெரும்பகுதியிலும் காற்று ஓயாததுமான மன்னார்த் தீவில் நின்று இப்பொருளைப் பேசுதல் பொருந்துமோ என்று உங்களிற் சிலர் ஐயுறக்கூடும். அந்த ஐயத்தை நீக்குவது இச்சொற்பொழிவின் முதல் நோக்கம். நீக்கியபின், நமக்குரிய கடமை யாது என்று ஆராய்வது அதன் இரண்டாவது நோக்கம்.

1. கார்த்திகை மாதத்துப் புகைமூட்டம்

மன்னாரின் வாழ்வு காற்றினால் வகுக்கப்பட்ட வாழ்வு. ஐப்பசிக்குப் பின் வாடை எழுந்தால் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் தணியும். வைகாசியிற் சோழகம் பிறந்தால் நிலைமை மாறும். தலைமன்னார், பேசாலை, தாழ்வுபாடு முதலிய ஊர்களின் மீனவர் எந்தக் கடலில் எப்போது தொழில் செய்வது என்று தீர்மானிப்பது இவ்விரு காற்றுகளையும் பார்த்தே. பண்டை நாளில் மாதோட்டத் துறைக்கு மரக்கலங்களைக் கொண்டுவந்து சேர்த்தவையும், அரிப்பு, சிலாவத்துறைக் கரைகளில் முத்துக்குளிப்பின் பருவத்தை வரையறுத்தவையும் இக்காற்றுகளே. இவ்வளவு உபகாரம் செய்த வாடைக்காற்று, நம் காலத்தில் யாரும் கேளாத சரக்கொன்றையும் சுமந்து வரத் தொடங்கியிருக்கிறது.

2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தின் முற்பகுதியில், மாண்டஸ் என்று பெயரிடப்பட்ட சூறாவளி வங்காள விரிகுடாவில் உருவாகித் தமிழகக் கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த வேளையில், இலங்கையின் வடபகுதியிலும் கொழும்பு முதலிய நகரங்களிலும் வானம் சாம்பல் நிறங்கொண்டு தாழ்ந்தது. வளியின் தரத்தை அளக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், பல நகரங்களில் வளித்தரச் சுட்டெண் ஆரோக்கியத்துக்குக் கேடான எல்லையை அடைந்துவிட்டதென்று அறிவித்தது. வெளியிற் செல்வோர் முகக்கவசம் அணியுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். 9ஆம் திகதி வெள்ளிக்கிழமை நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. அதே நாட்களில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் மாண்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவை கடுங்குளிரினால் மாண்டன என்பது கால்நடை வைத்தியர்களின் முடிவு; அதனைப் புகையின்மேல் ஏற்றுதல் முறையன்று. ஆயினும் குளிரும் புகையும் ஒரே வழியால், ஒரே காற்றால், வடக்கிலிருந்து கொண்டுவரப்பட்டவை.

அவ்வழி எது என்று பார்ப்போம். நம் வட அரைக்கோளத்திற் சூறாவளி இடஞ்சுழியாகச் சுழல்வது இயற்கை நியதி. ஆகவே, அதன் மேற்குப் புறத்தில் உள்ள காற்று வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஓடும். அவ்வோட்டத்தில் அகப்பட்ட வடஇந்தியச் சமவெளியின் அழுக்கு வளி, உபகண்டத்தின் கிழக்குப் பகுதி வழியாக இறங்கி, பாக்கு நீரிணையைக் கடந்து நம்மை வந்தடைந்தது. சூறாவளி இல்லாத ஆண்டுகளிலும் வாடை இவ்வேலையைச் சிறிது சிறிதாகச் செய்துகொண்டே இருக்கிறது.

நானாட்டானிலும் முருங்கனிலும் வேளாண்மை செய்வோர்க்கு இந்நிலைமையை நான் விரித்துரைக்கவேண்டுவதில்லை. அருவியாற்றின் நீர் தேக்கத்தில் மறிக்கப்பட்டு, கட்டுக்கரைக்குளத்தை அடைந்து, வாய்க்கால்கள் வழியே வயல்களுக்குப் பாய்கிறது. தலைமடையில் உள்ளவன் செய்வதன் பலனைக் கடைமடையில் உள்ளவன் அனுபவிக்கிறான். இவன் எவ்வளவு நல்ல உழவனாயினும், அவனுடைய செய்கையிலிருந்து தப்ப இவனுக்கு வழியில்லை. ஆதலினாலேயே குளத்துநீருக்கு முறையும் பங்கும் மேற்பார்வையும் மீறினோர்க்குத் தண்டமும் வகுக்கப்பட்டன. நம் பிரதேசத்தின் காற்றுக்கு அத்தகைய முறை இன்னும் வகுக்கப்படவில்லை. வாடைக் காலத்தில் மன்னார், உபகண்டம் முழுவதன் காற்றுக்கும் கடைமடையாக இருக்கிறது.

2. புகைமூட்டம் உண்டாகும் விதம்

வளி மாசடைவதற்குக் காரணங்கள் பலவாயினும், அவற்றுள் தலையாயது எரித்தலே. விறகும் நிலக்கரியும் எண்ணெயும் முற்றாக எரியாதபோது நுண்ணிய கரித்துகளும் காபனோரொட்சைட்டும் வெளிப்படுகின்றன. நிலக்கரியிலும் கனத்த எண்ணெய்களிலும் உறைந்திருக்கும் கந்தகம், எரியும்போது கந்தகவீரொட்சைட்டாகிறது. வாகன இயந்திரங்களின் மிகுந்த வெப்பத்தில், வளியில் உள்ள நைதரசனே ஒட்சிசனோடு கூடி நைதரசன் ஒட்சைட்டுகளாக மாறுகிறது. இவை தனித்தனியே தீயவை. வளியில் ஒன்றோடொன்று கலந்து வினைப்படும்போது, தாம் பிறந்த இடத்தில் இல்லாத புதிய நஞ்சுகளையும் ஆக்குகின்றன.

எனினும், புகை எழுந்த இடத்திலெல்லாம் மூட்டம் கவிந்துவிடுவதில்லை. சாதாரணமாக நிலத்தையடுத்த வளி வெப்பமாகவும் மேலுள்ள வளி குளிர்ச்சியாகவும் இருப்பதால், வெப்ப வளி மேலெழுந்து புகையையும் உடன்கொண்டு போகும். குளிர்கால இரவுகளில் நிலம் விரைந்து குளிரும்போது இம்முறைமை தலைகீழாகிறது. குளிர்ந்த வளி கீழும் வெப்ப வளி மேலுமாக அமைந்துவிட, மேலெழும் வழி அடைபட்டுப் புகை நிலத்தோடு தங்கிவிடுகிறது. 1952ஆம் ஆண்டு டிசெம்பர் 5ஆம் திகதி முதல் 9ஆம் திகதி வரை இலண்டன் மாநகரில் நிகழ்ந்தது இதுவே. வீட்டு அடுப்புகளிலும் மின்னிலையங்களிலும் எரிந்த நிலக்கரியின் புகை மூடுபனியோடு கலந்து ஐந்து நாட்கள் அசையாது நின்றது. அதனால் இறந்தோர் ஏறத்தாழ 4,000 பேர் என்று அக்காலத்திற் கணித்தனர். பிற்கால ஆராய்ச்சியாளர் 12,000 வரை இருக்கலாம் என்றனர். அவ்வழிவின் விளைவாகப் பிரித்தானியப் பாராளுமன்றம் 1956இல் தூய வளிச் சட்டத்தை இயற்றிற்று. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் தோன்றிய மூட்டமோ வேறு வகையினது. அங்கே வாகனப் புகையின்மேல் கொடிய வெயில் பட்டு ஓசோன் என்னும் வாயு நிலமட்டத்தில் உண்டாயிற்று. குளிர் ஒரு வகை மூட்டத்தையும் வெயில் மற்றொரு வகை மூட்டத்தையும் வளர்ப்பதால், எந்தப் பிரதேசமும் தன் காலநிலையை நம்பி இருந்துவிடுதல் இயலாது.

வடஇந்தியச் சமவெளியில் இக்காரணங்கள் யாவும் ஒருங்கே கூடுகின்றன. வடக்கே இமயம் தடுக்கிறது. குளிர்காலத்தில் காற்று ஓய்ந்து கிடக்கிறது. செங்கற் சூளைகளும் நிலக்கரி மின்னிலையங்களும் கோடிக்கணக்கான வாகனங்களும் வறட்டி எரியும் அடுப்புகளும் ஓயாது புகைகின்றன. இவற்றோடு, பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுவடைக்குப் பின் வயலில் நிற்கும் தாள்களைக் கொளுத்தும் வழக்கமும் சேர்கிறது. நிலத்தடி நீர் வற்றிப்போவதைத் தடுக்கும் நல்ல நோக்கத்தோடு பஞ்சாப் அரசு 2009இல் ஒரு சட்டம் இயற்றி, நாற்று நடும் காலத்தைப் பின்தள்ளிற்று. நடுகை பின்தள்ளியதனால் அறுவடையும் பின்தள்ளியது. கோதுமை விதைப்பதற்குமுன் எஞ்சிய நாட்கள் சுருங்கின. தாளை அகற்ற அவகாசமில்லாத விவசாயி, காற்று ஓய்ந்துவிடும் ஐப்பசி, கார்த்திகையில் தீயிட்டான். நீரைக் காக்க எழுந்த சட்டம் காற்றைக் கெடுக்க ஏதுவாயிற்று. அவ்விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதனைச் சொல்லவில்லை. நீர், நிலம், காற்று என்று இயற்கையைக் கூறுபோட்டுத் தனித்தனியே ஆள நினைத்தால் விளையும் கேட்டை உணர்த்தவே சொல்கிறேன்.

3. மூட்டம் செய்யும் கேடு

நம்மைச் சூழ்ந்த கடலின்மேல் இப்புகை எத்துணைப் பரந்து கிடக்கிறது என்பது 1999ஆம் ஆண்டில் பிரத்தியட்சமாயிற்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் பயின்று, பின்னர் அமெரிக்காவிற் பேராசிரியராக விளங்கிய வீரபத்திரன் இராமநாதனும், நோபல் பரிசு பெற்ற போல் குருட்சனும் முன்னின்று நடத்திய பன்னாட்டு ஆராய்ச்சியில், கப்பல்களும் விமானங்களும் செய்மதிகளும் மாலைதீவில் அமைந்த ஆய்வுநிலையமும் ஒருங்கே பயன்படுத்தப்பட்டன. மாசற்றதென்று கருதப்பட்ட இந்து சமுத்திரத்தின் வடபகுதியிற் பெரும்பாகத்தின்மேல், ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் உயரம் வரை, பழுப்பு நிறமான புகைப்படலம் கவிந்திருப்பதை அவர்கள் கண்டனர். கடற்பரப்பை அடையும் சூரிய ஒளியில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு வரை அப்படலத்தினாற் குறைவதாகவும் கணித்தனர். கரித்துகள் வெயிலை விழுங்கி மேல்வளியைச் சூடாக்க, கீழே கடலின்மேல் விழும் ஒளி குன்றுகிறது. அதனால் நீராவி எழுவதும், ஈற்றிற் பருவமழையின் போக்கும் மாறுபடக்கூடும் என்பது அவர்களுடைய எச்சரிக்கை. உப்பளமும் கருவாட்டுப் பந்தலும் மானாவாரி வயலும் வெயிலையும் மழையையும் முதலாகக் கொண்டு நடைபெறும் இப்பிரதேசத்தில், இவ்வெச்சரிக்கையை எங்கோ உள்ள விஞ்ஞானிகளின் வாதம் என்று தள்ளிவிடுதல் தகாது.

மனித சரீரத்துக்கு விளையும் கேடு இன்னும் அண்மையிலானது. புகையில் உள்ள துணிக்கைகளுள் மிகக் கொடியவை, 2.5 மைக்கிரோமீற்றருக்கும் குறைந்த விட்டமுடையவை. தலைமயிர் ஒன்றின் தடிப்பில் இவை இருபதில் ஒரு பங்குக்கும் உட்பட்டவை. பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். தும்மலும் இருமலும் அதற்கென்றே அமைந்தவை. இந்நுண்துணிக்கைகளோ அக்காவல்களைக் கடந்து நுரையீரலின் கடைசிச் சிற்றறைகள் வரை சென்று தங்குகின்றன. அவற்றிலும் நுண்ணியவை குருதியிற் கலந்துவிடுகின்றன. ஆகவே, காற்றின் அழுக்கு இழைப்பையும் இருமலையும் மட்டுமன்றி, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் சுவாசப்பைப் புற்றுநோயையும், குறைந்த எடையுடன் குழந்தை பிறப்பதையும் விளைவிக்கிறது. வெளிவளியின் மாசு புற்றுநோய்க்குக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2013இல் திட்டமாக அறிவித்தது. வெளிப்புகையாலும் வீட்டுப்புகையாலும் ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 70 இலட்சம் பேர் அகாலமரணமடைகின்றனர் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. ஒரு கன மீற்றர் வளியில் இத்துணிக்கைகளின் ஆண்டுச் சராசரி 5 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது என்று அது 2021இல் வரையறுத்தது. நம் நாடு 2008இல் வகுத்த நியமமோ 25 மைக்கிரோகிராம் வரை இடங்கொடுத்தது. சட்டம் பொறுத்துக்கொள்வதை நுரையீரல் பொறுத்துக்கொள்வதில்லை.

4. நம்முடைய புகை

இதுவரை கூறியவற்றைக் கேட்டு, குற்றம் முழுவதும் வடக்கே உள்ளது என்று நாம் ஆறுதல் கொள்வோமாயின், இச்சொற்பொழிவு பயனற்றதாகும். நம் வீட்டின் அடுப்படிக்குள் ஒருமுறை நுழைந்து பாருங்கள். மூன்று கல்லுக்கிடையே பனைமட்டையும் காய்ந்த ஊமலும் பொச்சுமட்டையும் எரிகின்றன. மழைக்காலத்தில் அவை நனைந்திருப்பதால், நெருப்பைவிடப் புகையே முன்னே வருகிறது. தாய் குனிந்து ஊதுகுழலால் ஊதுகிறாள், கண்ணைச் சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொள்கிறாள், மறுபடியும் ஊதுகிறாள். இடுப்பில் உள்ள குழந்தையும் அதே புகையைச் சுவாசிக்கிறது. கூரையின் உட்புறத்தைத் தொட்டால் விரலில் ஒட்டும் கருமைக்குப் பெயர் ஒட்டறை. அதே கருமையே அவளுடைய நெஞ்சிலும் படிகிறது. டில்லி முதலிய வடஇந்திய நகரங்களின் புகை வாடைக் காலத்திற் சில நாட்கள் வருவது. இந்த அடுப்பின் புகை நாளுக்கு மூன்று வேளை வருவது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் சமையல் வாயு கிடையாமற் போனபோது, விறகடுப்பைக் கைவிட்டிருந்த குடும்பங்களும் அதற்கே திரும்பின என்பதை எண்ணும்போது, இது வறுமையின் பிரச்சினை என்பதும் தெளிவாகும்.

அடுத்து, குப்பை. முற்றத்தைக் கூட்டி மாலையில் தீ வைப்பது நம் முன்னோர் காலத்தில் இலைச்சருகை எரிப்பதாக இருந்தது. இன்று அக்குவியலில் பொலித்தீன் பைகளும் போத்தல்களும் அறுந்த நைலோன் வலைத்துண்டுகளும் கிடக்கின்றன. நெருப்புப் பட்டவுடன் பை சுருண்டு, உருகிச் சொட்டி, கடுநாற்றத்தோடு கரும்புகையை எழுப்புகிறது. அப்புகையில் மரப்புகையில் இல்லாத கொடிய இரசாயனங்கள் உண்டு. கூட்டிய கை நம் கை. பற்றவைத்த கை நம் கை.

மூன்றாவதாக, மின்சாரம். நமக்குத் தெற்கே, கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலையில் 2011 முதல் இயங்கும் நிலக்கரி மின்னிலையம் 900 மெகாவாற்று வலுவுடையது. நாட்டின் மின்தேவையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை அது நிறைவேற்றி வருகிறது. கப்பல்களில் வரும் நிலக்கரி கடலிலேயே படகுகளுக்கு மாற்றப்பட்டுக் கரை சேர்க்கப்பட்டு, திறந்தவெளியிற் குவிக்கப்படுகிறது. சோழகம் வீறுகொள்ளும் காலத்தில், அக்குவியலின் தூளும் எரிந்த சாம்பலும் அயலிலுள்ள தோட்டங்களிலும் வீடுகளிலும் வந்து படிவதாக அவ்வூர் மக்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். அக்கரை நமக்கு அந்நியமானதன்று; 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது, மன்னாரின் முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் தஞ்சம் புகுந்தது புத்தளத்திலும் கற்பிட்டியிலுமே. ஆகவே, நம் வீட்டில் விளக்கொன்று எரியும்போது, அதற்கான சாம்பலின் ஒரு பகுதி நம் சொந்த மக்கள் வாழும் கரையில் விழுகிறது. டில்லிக்குக் கடைமடையாக உள்ள நாம், நுரைச்சோலைக்குத் தலைமடையாக இருக்கிறோம். உலகில் எவரும் கடைமடையாக மட்டும் வாழ்வதில்லை. ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தில் பாதிக்கப்படுவோரும், மறுபக்கத்தில் பாதிப்பவருமாக இருக்கிறோம். நான் இன்று வலியுறுத்த விழையும் உண்மை இதுவே.

5. முறை வகுத்தல்

இவ்வுண்மையைச் சட்டமாக்க உலகம் முயலாமல் இல்லை. கனடாவின் ட்ரெயில் என்னும் ஊரில் இருந்த உலோக உருக்காலையின் கந்தகப்புகை, எல்லைக்கு அப்பால் அமெரிக்க விவசாயிகளின் பயிரைக் கருக்கிற்று. அவ்வழக்கை விசாரித்த பன்னாட்டு நடுவர்மன்றம், தன் நிலத்தில் எழும் புகையினால் பிற நாட்டுக்குக் கடுஞ்சேதம் விளைவிக்க எந்த அரசுக்கும் உரிமையில்லை என்று 1941இல் தீர்ப்பளித்தது. அமிலமழையினால் ஸ்கண்டினேவிய ஏரிகள் கெட்டபோது, ஐரோப்பிய நாடுகள் 1979இல் ஜெனீவாவில் உடன்படிக்கை செய்து, அடுத்த பல ஆண்டுகளில் கந்தகப்புகையைப் பெருமளவு குறைத்தன. நம் பிரதேசத்திலும் 1998இல் மாலே நகரில், இந்தியாவும் இலங்கையும் உட்பட எட்டு நாடுகள், எல்லை கடக்கும் வளிமாசினைத் தடுக்கும் பிரகடனத்தில் இணைந்தன. ஆனால், ஐரோப்பிய உடன்படிக்கை நாளடைவில் அளவும் தவணையும் விதித்துக் கட்டுப்படுத்தியது. மாலேப் பிரகடனம் நல்லெண்ணத்தின் அளவிலேயே நின்றுவிட்டது. மீன்பிடி எல்லையைக் குறித்து இரு நாடுகளும் எத்தனையோ முறை பேச்சுவார்த்தை நடத்துகின்றன; இரு கரையினரும் சுவாசிக்கும் காற்றைக் குறித்தும் அதே மேசையில் பேசுமாறு கோருவதற்குக் கடைமடையிலுள்ள மன்னாரைவிடத் தகுதியுடையவர் யார்?

காற்று தூய்மையடைவதற்கு நெடுங்காலம் வேண்டியதில்லை என்பதும் கண்கூடு. 2020ஆம் ஆண்டில் ஊரடங்கினால் வாகனங்களும் ஆலைகளும் நின்ற சில வாரங்களில், பஞ்சாபின் ஜலந்தர் நகரத்து மக்கள், நெடுங்காலமாகத் தம் கண்ணுக்குப் புலப்படாதிருந்த இமயமலைத் தொடரைத் தம் வீட்டு மாடியிலிருந்தே கண்டனர்.

இனி, காற்றாலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கை மின்சார சபை, தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைக் கொண்ட தம்பபவனி நிலையத்தை 2020ஆம் ஆண்டு டிசெம்பர் 8ஆம் திகதி தொடக்கிவைத்தது. நிலக்கரியை எரிக்காமல் ஏறத்தாழ 100 மெகாவாற்று வலுவைக் காற்றிலிருந்தே பெறுதல் பாராட்டுதற்குரிய செயல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், மேலும் பல காற்றாலைகளை இத்தீவில் நாட்டும் திட்டங்களை எதிர்த்து 2025ஆம் ஆண்டில் மன்னார் மக்கள் வீதிக்கு வந்தபோது, அவர்கள் எழுப்பிய வினாக்கள் நியாயமானவை. வெள்ளம் வடிந்தோடும் வழி அடைபடாதா, வங்காலைக் கரைக்கு ஆண்டுதோறும் வரும் வலசைப் பறவைகளின் பாதை என்னாகும், கரைவலைத் தொழில் எங்கே போகும் என்று அவர்கள் கேட்டனர். நாடு முழுவதற்கும் தூய மின்சாரம் வேண்டும் என்பதற்காக, அதன் சுமை முழுவதையும் ஒடுங்கிய ஒரு தீவின்மேல் அதன் சம்மதமின்றி ஏற்றினால், நுரைச்சோலையில் இழைத்த பிழையை வேறு உருவில் இங்கே இழைத்தவர்களாவோம். எங்கே நாட்டுவது, எத்தனை நாட்டுவது, பயனில் ஊருக்குப் பங்கென்ன என்பவற்றை ஊராரோடு அமர்ந்து தீர்மானித்தல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை எவை? ஒவ்வோர் அடுப்படிக்கும் புகைபோக்கியும், விறகைச் சிக்கனமாக எரிக்கும் அனகி போன்ற களிமண் அடுப்பும் கிடைக்கச் செய்தல். பொலித்தீனையும் பழைய வலைகளையும் தரம்பிரித்துச் சேகரிக்க உள்ளூராட்சி மன்றங்களை வற்புறுத்துதலும், சேகரிக்கும்வரை அவற்றுக்குத் தீ வைக்கோம் என்று ஒவ்வொரு வீட்டிலும் உறுதிகொள்ளுதலும். அறுவடைக்குப் பின் வைக்கோலை எரிக்காமல் கால்நடைக்கும் பசளைக்கும் பயன்படுத்துதல். பாடசாலைகளில் நுண்துணிக்கைகளை அளக்கும் சிறு கருவிகளை வைத்து, மாணவரே நாள்தோறும் குறிப்பெடுக்கச் செய்தல். கடைசியாகக் கூறியதை மாணவர்களுக்கு விசேடமாகச் சொல்கிறேன். வாடை எழுந்த நாள் முதல் அது அடங்கும் நாள் வரை, பல ஆண்டுகளுக்கு நீங்கள் எழுதிவைக்கும் எண்கள், மாலேப் பிரகடனத்தை வெறும் தாளாக விடாமல், அரசுகளின் முன் வைக்கத்தக்க சாட்சியமாகும்.

தன் வாய்க்காலைத் துப்புரவாக வைத்திருக்கும் கடைமடை விவசாயியின் முறையீட்டையே குளத்துக் கூட்டத்தில் மதித்துக் கேட்பர். நம் முற்றத்துப் புகையை நாமே அணைத்துவிட்டு, நம் அளவீடுகளைக் கையிலெடுத்துக்கொண்டு, தூய காற்று எங்கள் உரிமை என்று கொழும்பிலும் புதுடில்லியிலும் சென்று கேட்போமாயின், அக்கேள்விக்கு மறுமொழி சொல்லாமல் இருக்க எந்த அரசாலும் இயலாது. அந்நிலைக்கு மன்னார் மக்கள் விரைவில் வரவேண்டும் என்று விழைகிறேன்.